ஒட்டாத பிளாஸ்டிக்கையும் ஒட்ட வைக்கும் கதிர்!

வடாலாவில் இருந்து ஏழாவது ஸ்டேஷனில் நடக்கும் விந்தை

"அண்ணாச்சி, தண்ணி டிரம்முல வெடிப்பு விட்டிருக்கு. ஒட்டுற மாதிரி ஏதாச்சும் குடுங்க."

"நீல டிரம்மாக்கா? அப்போ ஒட்டாது. பலகைன்னா ஃபெவிக்கால் தரலாம். செருப்புன்னா சொல்யூஷன் தரலாம். குழாய்ன்னா அதுக்குத் தனிப் பசை இருக்கு. உங்க டிரம்முக்கு நான் எதைத் தந்தாலும் நாளைக்கே திருப்பிக் கொண்டு வருவீங்க."

"ராக்கெட்டெல்லாம் விடுறாங்க. ஒரு டிரம்மை ஒட்ட முடியலையாக்கும்!"

வடாலா, ஆன்டாப் ஹில், தாராவி பக்கம் தமிழர் நடத்தும் எந்த ஹார்டுவேர் கடையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். குழாயில் தண்ணீர் வரும் நேரம் கொஞ்சம். அந்த நேரத்தில் பிடித்து வைப்பதுதான் ஒரு நாள் பாட்டுக்கு. டிரம் ஒழுகினால் வீடே தவிக்கும். புது டிரம் வாங்க எல்லோர் கையிலும் உடனே பணம் இருப்பதில்லை.

அண்ணாச்சி சொன்னது உண்மை. அந்தப் பசைகள் அந்த டிரம்மில் ஒட்டாது.

அக்கா கேட்டதும் நியாயம். ஒட்டாத பிளாஸ்டிக்கையும் ஒட்ட வைக்க விஞ்ஞானிகள் வழி கண்டுபிடித்து இருக்கிறார்கள். அந்த வழிகளில் ஒன்று, கதிர் பாய்ச்சுவது. ஆம்! அணுக்கதிரையும் எலெக்ட்ரான் கதிரையும் பிளாஸ்டிக் மீது பாய்ச்சி அதன் குணத்தை மாற்றுகிறார்கள்.

இது எங்கோ அமெரிக்காவில் மட்டும் நடக்கும் வேலை என்று நினைக்க வேண்டாம். வடாலா ரோடு ஸ்டேஷனில் பன்வேல் வண்டி ஏறினால் ஏழாவது ஸ்டேஷன் மான்கூர்டு. அங்கிருந்து சற்று தூரத்தில் டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையம். இந்தியாவில் இந்த ஆராய்ச்சிக்குத் தாய்வீடு அதுதான்.

மெழுகின் தம்பி

பிளாஸ்டிக் என்று நாம் ஒரே பெயரில் கூப்பிட்டாலும் அது ஒரே சரக்கு அல்ல. தாராவி 13-வது காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் தொழிலாளர்களுக்கு இது அத்துப்படி.

அவர்கள் தட்டிப் பார்ப்பார்கள். வளைத்துப் பார்ப்பார்கள். சின்னத் துண்டைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் தண்ணீரில் போடுவார்கள். மிதந்தால் பெரும்பாலும் பாலித்தீன், அல்லது பாலிபுரொப்பிலீன். மூழ்கினால் பி.வி.சி. போன்ற வேறு வகை.

பாலித்தீன் துண்டு எரிந்தால், மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த வாடை வரும். அந்த வாடையில்தான் ரகசியமே இருக்கிறது.

மெழுகும் பாலித்தீனும் அண்ணன் தம்பி. இரண்டுமே கார்பன் அணுக்களும் ஹைட்ரஜன் அணுக்களும் மட்டுமே சேர்ந்த சங்கிலிகள். மெழுகில் சங்கிலி குட்டை. பாலித்தீனில் ஆயிரக்கணக்கான கண்ணிகள் உள்ள நீளச் சங்கிலி.

1933-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் கிப்ஸன், ஃபாசெட் என்ற இரு ரசாயன நிபுணர்கள் எத்திலீன் வாயுவைக் கடும் அழுத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் எதிர்பாராத ஒன்று பாத்திரத்தில் மிஞ்சியது. வெள்ளையாக, மெழுகு போன்ற ஒரு பொருள். அதுதான் பாலித்தீன்.

இன்று வாளி, குடம், டிரம், பால் பை, கேபிள் உறை எல்லாமே அந்தக் குடும்பம். கெட்டியானது, தண்ணீருக்கும் அமிலத்துக்கும் அசையாது. விலையும் மலிவு. ஆனால் ஒரே ஒரு குறை. மெழுகு மீது பசை பூசினால் என்ன ஆகும்? அதேதான் இதற்கும் ஆகும்!

தாமரை இலைத் தண்ணீர்

பசை ஒட்ட வேண்டுமானால் முதலில் அது பரவ வேண்டும். பரவாத பசை பிடிக்காது.

வீட்டிலேயே பார்க்கலாம். நன்றாகக் கழுவித் துடைத்த கண்ணாடி மீது ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது பரவிப் படியும். அதே சொட்டைப் புது பாலித்தீன் பை மீது விடுங்கள். தாமரை இலைத் தண்ணீர் போல முத்தாக உருண்டு நிற்கும்.

இந்தக் குணத்தை 'டைன்' என்ற அளவால் அளக்கிறார்கள். தண்ணீருக்கு 72 டைன். பாலித்தீன் மேற்பரப்புக்குச் சுமார் 31 டைன். தோசை ஒட்டாத கல்லில் பூசும் டெப்லானுக்கு 20 டைன்கூடத் தேறாது. ஊற்றும் திரவத்தின் எண்ணைவிட மேற்பரப்பின் எண் அதிகமாக இருந்தால் திரவம் பரவும். குறைவாக இருந்தால் உருளும். நல்ல பசைகள் பலவற்றின் எண் 40-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. 31 டைன் டிரம்மில் அவை பரவாததில் ஆச்சரியம் இல்லை.

பரவினால் மட்டும் போதாது. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். மரத்தில் துளைகள் உண்டு. தோலில் நார் உண்டு. அவற்றில் பசை புகுந்து இறுகும். தவிர, மரத்தின் அணுக்கூட்டங்களில் ஆக்சிஜன் தலைநீட்டிக் கொண்டு இருக்கும். பசை அதைப் பற்றிக்கொள்ளும். பாலித்தீனில் துளையும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. கைப்பிடி இல்லாத கதவு போல அது மூடிக் கிடக்கிறது.

தீயும் மின்சாரமும்

அந்தக் கதவில் ஒரு கைப்பிடி வைக்க வேண்டும். அதற்குப் பழைய வழிகள் சில உண்டு.

ஒன்று, தீ. பிளாஸ்டிக் பாட்டில்கள் மீது பெயர் அச்சடிக்கும் பட்டறைகளில் இதைப் பார்க்கலாம். அச்சடிக்கும் முன்பு பாட்டிலை நீலச் சுவாலை வழியே ஒரு நொடி காட்டி எடுப்பார்கள். உருகுவதற்குள் எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு நொடியில் தோலின் மேல் ஆக்சிஜன் ஏறிவிடும். பிறகு மை அழியாது.

இரண்டாவது, மின்சாரம். பால் பை தயாரிக்கும் இடங்களில் பாலித்தீன் தாள் ஓடிக் கொண்டு இருக்கும்போதே உயர் மின் அழுத்தத்தில் ஊதா நிறப் பொறி படும்படி செய்கிறார்கள். இதற்கு கொரோனா முறை என்று பெயர். நோய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இந்தப் பெயர் அதற்கு வெகு காலம் முந்தியது. தாள் 38 டைனுக்கு மேல் ஏறினால்தான் அச்சடிக்க எடுப்பார்கள். அதைச் சோதிக்கத் தனி மைப் பேனா உண்டு. கோடு பரவி நின்றால் சரி, முத்து முத்தாகப் பிரிந்தால் சரியில்லை.

மூன்றாவது, குரோமிக் அமிலத்தில் முக்கி எடுப்பது. நன்றாக வேலை செய்யும். ஆனால் கழிவு பொல்லாத விஷம்.

தீயும் மின்பொறியும் மலிவானவை, விரைவானவை. ஆனால் தோலுக்கு மேலேயே நின்றுவிடும். நாளாக ஆக அந்தக் குணம் மங்கும். வளைவும் பொந்தும் உள்ள சாமான்களுக்குள் மின்பொறி சரியாகப் போய்ச் சேராது. மெல்லிய நாரைத் தீயில் காட்டினால் நாரே இருக்காது. அந்த இடத்தில்தான் கதிர் கைகொடுக்கிறது.

ஒட்டு மாங்கன்று போல

ஊரில் மாங்கன்றுக்கு ஒட்டுப் போடுவதைப் பலரும் பார்த்து இருப்பார்கள். நாட்டு மாங்கன்றின் தண்டில் கத்தியால் சீவுவார்கள். சீவிய இடத்தில் நல்ல ரகத்தின் குச்சியைப் பொருத்திக் கட்டுவார்கள். கீழே வேர் நாட்டு மாமரம். மேலே காய்ப்பது ஒட்டு மாம்பழம்.

கதிர் செய்யும் வேலையும் அதுவே.

கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளில் இருந்து காமா கதிர் வருகிறது. எலெக்ட்ரான் எந்திரத்தில் இருந்து எலெக்ட்ரான் கதிர் வருகிறது. இரண்டில் எது பட்டாலும் பாலித்தீன் சங்கிலியில் இருந்து ஹைட்ரஜன் அணு ஒன்று தெறித்து விழுகிறது. அது இருந்த இடம் வெட்டுக் காயம் போலத் திறந்து நிற்கும். எதையாவது பற்றிக்கொள்ளத் துடிக்கும்.

காற்று இருந்தால் ஆக்சிஜன் அங்கே வந்து உட்காரும். அதுவே ஒரு கைப்பிடிதான். அதைவிட நல்ல வழியும் உண்டு. அக்ரிலிக் அமிலம் போன்ற ஒரு திரவத்தில் பிளாஸ்டிக்கை வைத்துவிட்டால், காயம் பட்ட ஒவ்வொரு இடத்தில் இருந்தும் புதிய சங்கிலி முளைத்து வளரும். கீழே வேர் பழைய பாலித்தீன். மேலே வளர்ந்த கிளை, தண்ணீரையும் பசையையும் விரும்புவது.

பசையால் சேர்ப்பதையும் ஒட்டு என்கிறோம். மரத்தில் கிளை சேர்ப்பதையும் ஒட்டு என்கிறோம். பிளாஸ்டிக்கில் இப்படிக் கிளை வளர்ப்பதற்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரும் மரத்துக்கு ஒட்டுப் போடும் அதே பெயர்தான்! ஆக, ஒட்டுப் போட்ட பிளாஸ்டிக்கில் பசை ஒட்டுகிறது.

இதில் இரண்டு முறைகள் உண்டு. பிளாஸ்டிக்கைத் திரவத்தோடு சேர்த்து வைத்தே கதிர் காட்டுவது ஒன்று. முதலில் கதிர் காட்டிவிட்டுப் பிறகு திரவத்தில் போடுவது மற்றொன்று. முதல் முறையில் ஒரு தொல்லை. திரவமே கதிர் பட்டுக் கூழாக இறுகிவிடும். அதைத் தடுக்கச் சிறிதளவு இரும்பு உப்போ செம்பு உப்போ சேர்ப்பார்கள். சமையலில் உப்பு போல, இதிலும் அளவு முக்கியம்.

மின்பொறியில் வந்த கைப்பிடி நாளடைவில் மங்கும். இந்தக் கிளையோ வேரோடு பிணைந்தது. துடைத்தாலும் கழுவினாலும் போகாது.

எப்படித் தொடங்கியது?

1952-ம் ஆண்டு இங்கிலாந்தின் ஹார்வெல் அணு உலையில் ஆர்தர் சார்ல்ஸ்பி என்ற விஞ்ஞானி பாலித்தீனுக்குக் கதிர் காட்டிய ஆராய்ச்சியை வெளியிட்டார். சூடாக்கினால் உருகி ஓட வேண்டிய பாலித்தீன், உருகாமல் ரப்பர் போல நின்றது. சங்கிலிகள் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுக்கொண்டதே காரணம்.

அதே ஆண்டுகளில் பாரிஸ் நகரில் அடோல்ப் ஷாப்பிரோ என்பவர் பிளாஸ்டிக்கில் கதிரால் ஒட்டுப் போடும் ஆராய்ச்சியில் இறங்கினார். எதுவுமே ஒட்டாத டெப்லானில்கூடக் கிளை வளர்க்க முடிந்தது.

1957-ல் அமெரிக்காவில் பால் குக் என்பவர் ரேகெம் கம்பெனியைத் தொடங்கினார். கதிர் காட்டிய பிளாஸ்டிக் குழலைச் சூட்டில் விரித்து, குளிர வைத்து விற்றார்கள். கேபிள் மூட்டில் மாட்டிச் சூடு காட்டினால் அது பழைய அளவுக்குச் சுருங்கி இறுக்கிக்கொள்ளும். உள்ளே பசை பூசிய ரகமும் உண்டு. சுருங்கும்போதே பசை உருகி மூட்டை அடைத்துவிடும். மழைத் தண்ணீர் நிற்கும் மும்பை போன்ற ஊரில் தரைக்கடியில் போகும் கேபிளுக்கு இந்தக் குழல் எவ்வளவு உதவி என்று சொல்லத் தேவையில்லை. ரெயில் எஞ்சின்களிலும் எலெக்ட்ரான் கதிர் காட்டிய கேபிள்கள் ஓடுகின்றன.

கைக்கடிகாரத்தில் போடும் வெள்ளி ஆக்சைடு பட்டன் பேட்டரியைப் பலரும் பார்த்து இருப்பார்கள். அதன் உள்ளே இரண்டு பக்கங்களையும் பிரிக்கும் மெல்லிய தாளாக, கதிரால் ஒட்டுப் போட்ட பாலித்தீனைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. சாதாரண பாலித்தீன் நனையாது. ஒட்டுப் போட்டது நனையும். அதனால் பேட்டரிக்குள் மின்சாரம் நடமாட முடிகிறது.

ஒரே பாதையில் மூன்று இடங்கள்

டிராம்பே அணு நிலையம் 1954-ல் தொடங்கியது. 1967-ல் அதற்கு ஹோமி பாபாவின் பெயர் சூட்டப்பட்டது. 1974-ல் அங்கே 'ஐசோமெட்' என்ற காமா கதிர் ஆலை வந்தது. ஆஸ்பத்திரிச் சாமான்களில் உள்ள கிருமிகளைக் கதிரால் கொல்வது அதன் வேலை. ஊசிக்குழல், கையுறை, பஞ்சு என்று பெட்டியில் அடைத்து ஒட்டியபடியே உள்ளே போகும். பிரிக்காமலே கிருமி நீங்கி வெளியே வரும்.

ஒருமுறை போட்டுவிட்டு எறியும் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி எஃகு. அதைத் தாங்கும் அடிப்பகுதி பிளாஸ்டிக், பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அதுவும் பசையை ஒதுக்கும் ஜாதிதான். இரண்டையும் சேர்ப்பது ஒரு துளிப் பசை. அந்தப் பசை பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை மின்பொறியால் பக்குவப்படுத்துவது உண்டு. ஒட்டு விட்டுப் போனால் ஊசி உடம்பில் தங்கிவிடும். பசை ஒட்டுகிறதா இல்லையா என்பது டிரம் விஷயம் மட்டும் அல்ல; சில இடங்களில் உயிர் விஷயம்.

1980-களின் பிற்பகுதியில் ரஷிய நாட்டுத் தயாரிப்பான ஓர் எலெக்ட்ரான் எந்திரம் டிராம்பேக்கு வந்தது. கேபிள் உறை, வளையம், பிளாஸ்டிக் தாள், நார் என்று பலவற்றையும் அதில் காட்டிப் பார்த்தார்கள். பின்னர் அது கழிமுகத்துக்கு அப்பால் வாஷிக்குப் போனது. கதிர்வீச்சு, ஐசோடோப் தொழில்நுட்ப வாரியம் இருப்பதும் வாஷியில்தான். அதற்கும் அப்பால் கார்கரில் எலெக்ட்ரான் கதிர் மையம் இருக்கிறது.

மான்கூர்டு, வாஷி, கார்கர் மூன்றும் ஒரே ஹார்பர் பாதையில் உள்ள ஸ்டேஷன்கள். தினமும் அந்த வண்டியில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் நம்மவர்களில் பலருக்கு, வழியில் இப்படி ஒரு வேலை நடப்பது தெரியாது.

உப்பு நீரில் யுரேனியம்

வடாலாவுக்குக் கிழக்கே உப்பளங்கள். அந்த உப்பு நீரில் யுரேனியம் இருக்கிறது என்றால் நம்ப முடிகிறதா? கடல் எங்கும் அது உண்டு. ஆயிரம் லிட்டர் கடல் நீரில் சுமார் 3 மில்லிகிராம்.

அதைப் பிடிக்க பாபா மைய விஞ்ஞானிகள் ஒட்டுப் போட்ட பிளாஸ்டிக்கைத்தான் எடுத்தார்கள். பாலிபுரொப்பிலீன் நாருக்கு எலெக்ட்ரான் கதிர் காட்டி, அதில் அக்ரிலோநைட்ரைல் கிளையை வளர்த்து, அந்தக் கிளையை யுரேனியத்தைப் பற்றும்படி மாற்றினார்கள். டிராம்பே கழிமுகத்திலேயே அந்தத் தாள்களைக் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். யுரேனியம் அதில் வந்து ஒட்டியது!

ஜப்பான் நாட்டிலும் இதே முறையில் கடலில் இருந்து ஒரு கிலோவுக்கு மேல் எடுத்துக் காட்டினார்கள். சுரங்க யுரேனியத்தோடு போட்டி போடும் அளவுக்கு விலை இன்னும் இறங்கவில்லை. ஆனாலும் எதுவும் ஒட்டாது என்று பெயர் எடுத்த பிளாஸ்டிக், கடலில் இருந்து உலோகத்தைப் பிடித்துக் கொண்டு வந்தது சின்ன விஷயமா?

அளவுக்கு மிஞ்சினால்

கதிரின் அளவு கூடினால் காரியம் கெடும். பாலித்தீன் ஓரளவு தாங்கும். அதன் சங்கிலிகள் முடிச்சுப் போட்டு உறுதியாகும். பாலிபுரொப்பிலீன் அப்படி அல்ல. அதன் சங்கிலிகள் அறுந்து பொருள் நொறுங்கத் தொடங்கும். கதிரில் கிருமி நீக்கும் சாமானுக்கு அதனால்தான் அதில் காப்பு மருந்து சேர்க்கிறார்கள். டெப்லான் எல்லோருக்கும் இளைத்தவன். சற்று அதிகம் பட்டால் மாவாகிவிடும்.

கதிரின் ஆழமும் முக்கியம். காமா கதிர் பெட்டியின் மறுபக்கம் வரை ஊடுருவும். எலெக்ட்ரான் கதிர் சில மில்லிமீட்டர்தான் போகும். வேகம் குறைத்தால் தோலோடு நிற்கும். மேலே மட்டும் ஒட்டுப் போட வேண்டிய சாமானுக்கு அதுவே வசதி. உள்ளே இருக்கும் வலு கெடாது.

தொட்டால் ஆபத்தா?

இவ்வளவும் படித்தவர்களுக்கு ஒரு பயம் வரும். கதிர் காட்டிய சாமானைத் தொடலாமா? அதில் இருந்து கதிர் நம் மேல் பாயாதா?

பாயாது. வெயிலில் காய்ந்த வடகம் ராத்திரியில் வெயில் அடிக்குமா? எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்த ஆள் எக்ஸ்ரே வீசுவாரா? அதுபோலத்தான் இதுவும். கோபால்ட்-60 வீசும் காமா கதிர், பட்ட பொருளைக் கதிரியக்கப் பொருளாக மாற்றும் பலம் உடையது அல்ல. அது ரசாயனப் பிணைப்பை அறுக்கும். அணுவின் கருவை அசைக்காது. எலெக்ட்ரான் எந்திரத்தையும் அந்த எல்லைக்குள்தான் ஓட்டுகிறார்கள். சுவிட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும்.

பட்ட பொருளில் பயம் இல்லை. ஆனால் கதிர் வீசும் கோபால்ட் இருக்கிறதே, அதனிடம் பயம் வேண்டும்.

கிருமி நீக்க 25 ஆயிரம் கிரே அளவு கதிர் காட்டுவார்கள். மனித உடல் முழுவதும் 4 அல்லது 5 கிரே பட்டாலே பிழைப்பது கஷ்டம். அதனால்தான் ஆலைகளில் ஆள் உயரத்துக்குப் பருமனான கான்கிரீட் சுவர் கட்டி, ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் கோபால்ட்டை இறக்கி வைத்துக் காவல் காக்கிறார்கள். ஐந்தே கால் ஆண்டுக்கு ஒருமுறை அதன் பலம் பாதியாகும். அப்படியும் பல பத்து ஆண்டுகள் அது சும்மா இருக்காது.

மாயாபுரியில் நடந்தது

தாராவி, குர்லா பக்கம் பழைய இரும்புக் கடை வைத்து இருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

டில்லி பல்கலைக்கழகத்தின் ரசாயனப் பிரிவில் காமா கதிர் ஆராய்ச்சிக்கு ஒரு பெட்டி இருந்தது. 1985-க்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு சேர்த்து அதையும் ஏலம் போட்டுவிட்டார்கள். அது மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஈயத்துக்கு நல்ல விலை உண்டு அல்லவா? கடையில் அதைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த கோபால்ட் குச்சிகள் வெளியே வந்தன. அவை என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது. தோல் கறுத்தது. முடி உதிர்ந்தது. வாந்தி நிற்கவில்லை. பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஏப்ரல் மாதம் ஒரு தொழிலாளி இறந்து போனார்.

படித்தவர்கள் கவனம் இல்லாமல் விற்றதற்குப் படிக்காத ஏழை உயிரை விட்டான். இதை மறக்கக் கூடாது.

மஞ்சள் தகட்டில் மூன்று இதழ் கொண்ட காற்றாடி போன்ற சின்னம் இருந்தால் அது கதிரியக்கம் என்று பொருள். 2007 முதல் ஆபத்து மிகுந்த பெட்டிகளுக்குச் சிவப்பு முக்கோணச் சின்னமும் வந்தது. அதில் கதிர், மண்டை ஓடு, ஓடும் மனிதன் மூன்றும் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்றே அப்படி வரைந்தார்கள்.

சின்னம் அழிந்து போயிருக்கலாம். சின்னப் பெட்டி, ஆனால் தூக்க முடியாத கனம் என்றால் சந்தேகப்பட வேண்டும். உடைக்கக் கூடாது. விலகி நின்று 112-க்குப் போன் செய்ய வேண்டும். ஈயத்தில் வரும் நாலு காசுக்காக உயிரை விட வேண்டியது இல்லை.

அக்காவின் டிரம்?

சரி, அண்ணாச்சி கடையில் நின்ற அக்காவுக்கு என்ன பதில்?

ஒரு டிரம்முக்காக யாரும் கோபால்ட் ஆலைக்குப் போவதில்லை. கட்டுப்படியும் ஆகாது. கதிர் ஒட்டு என்பது பேட்டரித் தாள், வடிகட்டும் நார், ஆஸ்பத்திரிச் சாமான் போன்று வேறு வழி சரிப்படாத இடங்களுக்கு உரியது. பட்டறைக்காரருக்கு நீலச் சுவாலையும் மின்பொறியும் போதும். பாலித்தீனுக்கு என்றே தனிப் பசையும் வந்துவிட்டது; விலைதான் அதிகம்.

டிரம்முக்குப் பசையே வேண்டாம். வெல்டிங் போதும். வெடிப்பின் இரு முனையிலும் சிறு துளை போட்டால் வெடிப்பு மேலே ஓடாது. பிறகு சூடான காற்று அடிக்கும் கருவியால் அதே ரகப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வெடிப்பில் இழைக்க வேண்டும். மெழுகை மெழுகால்தான் அடைக்க முடியும். பிளாஸ்டிக் வெல்டிங் செய்பவரிடம் கொடுத்தால் சீக்கிரம் முடித்துவிடுவார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழைய நீல டிரம்களில் பல, முன்பு ரசாயனம் ஏற்றி வந்தவை. எவ்வளவு கழுவினாலும் சுவரில் ஊறிய ரசாயனம் முழுவதும் போகாது. அப்படிப்பட்ட டிரம்மில் குளிக்க, துவைக்கத் தண்ணீர் வைக்கலாம். அதுவும் என்ன ரசாயனம் என்று தெரிந்தால்தான். குடிக்கிற தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

வடாலாவுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே 1933-ல் தொடங்கிய ரசாயனத் தொழில்நுட்பக் கல்விக்கூடம் இருக்கிறது. பழைய பெயர் யு.டி.சி.டி.; 2008 முதல் ஐ.சி.டி. பாலிமருக்கும் மேற்பரப்புக்கும் என்றே அங்கே தனித் துறை உண்டு. எது எதில் ஒட்டும், ஏன் ஒட்டாது என்பதே அங்கே பாடம். அதன் மதில் ஓரமாகத் தினமும் பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகளில் சிலராவது நாளை உள்ளே போய்ப் படிக்க வேண்டும்.

ஒரு டிரம்மை ஒட்ட முடியலையா என்று அக்கா கேட்டது வெறும் கிண்டல் அல்ல. விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு விடை தேடிய கேள்வி அது. விடை, ஏழாவது ஸ்டேஷனில் இருக்கிறது.